தாலி ஏறிய பதினொரு வினாடி

கமராவை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கு நான் இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தேன். நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்க வேண்டும், மூச்சை மெல்ல விட வேண்டும், வெள்ளைத் தாள் ஒன்றைக் காட்டி நிறத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "எனக்குத் தெரியும்" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். சொல்லவில்லை.

நான் ஆக்லாந்தில் கல்யாண வீடியோ எடுப்பவன். கிழமை நாட்களில் ஒனிஹங்காவில் ஒரு சாமான் கிடங்கில் வேலை. சனி ஞாயிறுகளில் கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்கிற சாமத்தியவீடு, பிறந்தநாள். பதினெட்டு வருடமாக எடுக்கிறேன்; இந்த ஊரில் இருக்கிற யாழ்ப்பாணத்துச் சனத்தில் பாதிப் பேரின் கூறைச்சேலை என் கமராவுக்குள்ளால்தான் போயிருக்கிறது. எனக்கு உதவிக்கு இருந்தவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். இரண்டாவது கமரா பிடிக்க ஆள் தேவை என்று சான்ட்ரிங்ஹாமில் நான் அரிசி வாங்குகிற கடையின் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன். அதைப் பார்த்துவிட்டு வந்த ஒரே ஆள் அவர்தான்.

நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டை முடி, சாம்பல் நிறக் கோட்டு. ஆர்மீனியாவிலிருந்து வந்தவர். கணவருக்கு நகரின் வடக்கே ஆல்பனியில் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்ததால் கூட வந்திருக்கிறார். முன்பு கமரா பிடித்திருக்கிறீர்களா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். "கொஞ்சம்" என்றார். அந்தக் "கொஞ்சம்" என்ற ஒரு சொல்லால்தான் எனக்கு மூக்குடைபட்டது.

எங்கள் தொழிலில் எழுதாத சட்டங்கள் சில உண்டு. எது தவறினாலும் தாலி கட்டும் நேரம் தவறக் கூடாது. கெட்டிமேளம் தொடங்கிவிட்டால் கூரை இடிந்து விழுந்தாலும் கமரா மணமகளின் கழுத்தை விட்டு அசையக் கூடாது. கமராவை நேரே பார்க்கிறவர்களை வெட்டிவிட வேண்டும். முழித்துக்கொண்டு நிற்கிற ஒரு முகம் போதும், காட்சியே கெட்டுவிடும். இன்னொன்றை நான் யாருக்கும் வாயால் சொன்னதில்லை. தாலி கட்டும் நேரத்தில் கணவனை இழந்த பெண்கள் படத்துக்குள் வரக் கூடாது. அவர்களும் அது தெரிந்து ஒதுங்கித்தான் நிற்பார்கள். தப்பித்தவறி ஓர் ஓரத்தில் தெரிந்தால் வீட்டில் உட்கார்ந்து வெட்டிவிடுவேன். இப்படிச் செய் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டதும் இல்லை.

அவர் என்னோடு சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். என் மகள் வேலையால் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அப்பா, டிட் யூ நோ திஸ்?" ஆல்பனியில் ஒரு படம் காட்டப்போகிறார்களாம், ஆவணப்படம். இயக்குநர் என்று போட்டிருந்த புகைப்படத்தில் சாம்பல் நிறக் கோட்டோடு நின்றது என்னுடைய இரண்டாவது கமராக்காரி.

குறை பிடிப்பதற்கென்றே போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். மலைக்கு நடுவில் ஒரு செம்புச் சுரங்க ஊர். கீழே ஆற்றங்கரையிலிருந்து மேலே வீடுகள் இருக்கிற இடத்துக்குக் கம்பியில் தொங்கிப் போகிற ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் கதவைத் திறந்து மூடுகிற வேலை பார்க்கும் ஒரு பெண். படம் முழுக்க அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்கப்படவில்லை, ஒரு பாட்டு இல்லை. கம்பி கிறீச்சிடுகிறது, ஆட்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், பனி பெய்கிறது. ஓரிடத்தில் கமரா சற்று ஆடியது. "பிடித்தேன்" என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு குறை தேடுவதையே மறந்துபோனேன் என்பது விளக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது. அதுதான் கூடுதலாக எரிந்தது.

படம் முடிந்து கேள்வி கேட்டார்கள். ஆறு வயதில் நிலநடுக்கத்தில் வீடு போனதையும், அதற்குப் பிறகு பதினான்கு வருடம் அம்மாவோடு இரும்புக் கொள்கலன் ஒன்றில் குடியிருந்ததையும் அவர் சாதாரணமாகச் சொன்னார். குளிர்காலத்தில் வாளித் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே கட்டியாகிவிடுமாம். முதல் படம் அந்தக் கொள்கலன் தெருவைப் பற்றியதாம். இந்தப் படத்துக்காக ஒரு குளிர்காலம் முழுவதும் கமரா இல்லாமல், சும்மா, அந்தப் பெட்டியில் மேலும் கீழும் போய் வந்தாராம். அந்தப் பெண்ணுக்குத் தன்னைப் பார்த்துச் சலித்த பிறகுதான் கமராவைக் கொண்டுபோனாராம்.

சபை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொன்னால் அவருடைய படத்தில் மட்டும் அல்ல, அவருடைய துயரத்திலும் எனக்குப் பொறாமை வந்தது. நானும் பத்து வயதில் யுத்தத்துக்குத் தப்பி, தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே படுத்தவன்தான். நானும் வீட்டை விட்டு ஓடி, ஓடின இடத்தை விட்டும் ஓடியவன். என்னிடமும் கமரா இருந்தது. நான் அதை வைத்துச் சேலையையும் பலகாரத் தட்டையும் எடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம், பழி போட ஆள் இல்லை.

ஒரு மாணவர் எழும்பி, படத்தின் கடைசிப் பகுதியில் ஏதோ ஒரு துண்டு விடுபட்டது போல இருக்கிறதே என்று கேட்டார். ஆர்மீனியாக்காரி சிரித்தார். "சரியாகக் கண்டுபிடித்தீர்கள். அங்கேதான் படத்தின் மிக நல்ல காட்சி இருந்தது" என்றார். அவரிடம் ஒரு நியமம் இருக்கிறது. எந்தப் படத்தையும் வெளியே காட்டுவதற்கு முன், அதில் இருக்கிற ஆளிடம் தனியாகக் காட்டுவார். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அந்தத் துண்டை எடுத்துவிடுவார். விவாதிக்க மாட்டார். எடுத்ததை வைத்திருக்கவும் மாட்டார், முழுவதும் அழித்துவிடுவார். அந்தப் பெண் வெற்றுப் பெட்டியில் தனியே நின்று சாப்பிடுகிற காட்சியை வேண்டாம் என்றாளாம். அது இல்லாததால் ஒரு பெரிய திரைப்பட விழாக்காரர்கள் படத்தைத் திருப்பி அனுப்பினார்களாம். விசர்தான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்தா.

"என்னப்பா, முகம் இப்பிடிக் கிடக்கு? படம் சரியில்லையோ?"

"நல்ல படம்."

"அப்ப ஏன் பல்லைக் கடிக்கிறியள்?"

அடுத்த சனிக்கிழமை நான் அவரிடம் கேட்டேன், இவ்வளவும் தெரிந்துகொண்டு ஏன் என்னிடம் பாடம் கேட்டீர்கள் என்று. "கல்யாணம் எடுப்பது எனக்கு உண்மையாகவே தெரியாது. நீங்கள் நன்றாகச் சொல்லித்தந்தீர்கள்" என்றார். நக்கல் இல்லை. நக்கலாக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

அந்த மாதம்தான் ஒனிஹங்காவில் ஒரு கல்யாணம். நான் மணவறைக்கு முன்னால், அவர் பக்கவாட்டில். ஒரு கமராவைத் தலைகள் மறைத்தாலும் மற்றது பிடித்துவிடும் என்பது கணக்கு. மகள் எனக்கு விளக்குப் பிடித்தாள். குருக்கள் கையை உயர்த்தினார், கெட்டிமேளம் எழுந்தது, சனம் அட்சதையோடு முன்னால் தள்ளியது. அந்த நேரம் பார்த்து மணமகளின் மாமா ஒருவர் பலகை போன்ற ஒரு டாப்லெட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். என் கமராவில் விழுந்தது டாப்லெட்டின் முதுகு மட்டும். பரவாயில்லை, பக்கத்துக் கமராவில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தால், அவருடைய கமராவில் தாலி இல்லை. குருக்கள் கை உயர்ந்தவுடன் அவர் கமராவைப் பின்னால் திருப்பியிருக்கிறார். மண்டபத்தின் கோடியில், சமையலறைக் கதவடியில், மணமகளின் தாய். கணவர் போய் நாலு வருடம். பெற்ற பிள்ளைக்குத் தாலி ஏறுகிறது, அந்த மனுசி கண்ணில் படக் கூடாதென்று அவ்வளவு தூரத்தில் தனியே நிற்கிறா. ஒரு கையில் அட்சதை. மேளச் சத்தத்தைக் கேட்டதும் அதை எறியத் தூக்குகிறா. அங்கிருந்து எறிந்தால் யாரிலும் விழாது. கை அப்படியே இறங்குகிறது. பிறகு அந்த அரிசியைப் பக்கத்திலிருந்த மேசையில் மெதுவாக வைக்கிறா.

நான் அதை வெட்டினேன். பழக்கம். கை தானாகப் போனது.

மணமகளின் மாமா, அதே டாப்லெட் மாமா, போனில் கத்தினார்.

"தாலி கட்டினதைக் காணேல்லையே! தாலி இல்லாத கலியாண வீடியோவை ஆரப்பா பாக்கிறது?"

உங்கட டாப்லெட்டுக்குள்ள இருக்கும், தேடிப் பாருங்கோ என்று சொல்ல வாய் துடித்தது. மன்னிப்புத்தான் கேட்டேன். பிறகு ஆர்மீனியாக்காரியைக் கூப்பிட்டு, இந்த வேலையில் இதைவிடப் பெரிய பிழை கிடையாது என்று சொன்னேன். அவர் பிழையை ஒப்புக்கொண்டார். "அந்தத் தாய் ஏன் அங்கே நின்றார்?" என்று மட்டும் கேட்டார். விளக்கினேன். "உங்கள் மற்றப் படங்களில் அப்படிப்பட்ட பெண்கள் எங்கே?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

இரண்டு மாதம் போய் அந்த மணமகள் அழைத்தாள்.

"அங்கிள், சமையலறைக் கதவடியில அம்மா நிக்கிற துண்டு, அது நீங்கள் தந்த வீடியோவில இல்லை. அதை மட்டும் அனுப்புவீங்களோ?"

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும் பிள்ளை?"

"அந்தக் கமரா ஆன்ட்டி தன்ர கமராவோட வீட்ட வந்து அம்மாவுக்குக் காட்டினவா. அம்மா திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பாத்தவா. அண்டைக்கு ஆரும் தன்னைப் பாக்கேல்லை எண்டுதான் அம்மா நினைச்சுக்கொண்டிருந்தவா."

பதினெட்டு வருடம் நான் எடுத்த தாலி கட்டு எதையும் யாரும் இப்படித் தனியாகக் கேட்டதில்லை. அனுப்பினேன். அவர் என்னிடம் கேட்காமல் அங்கே போனது பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் புகைந்தது வேறு காரணத்துக்காக.

அடுத்த வருடம் என் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை கோயம்புத்தூர்ப் பெடியன், கணினி வேலை, ஆல்பனியில் அலுவலகம். கல்யாணம் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் மனதில் வைத்திருந்தது ஒன்றுதான்: என் மகளின் கல்யாணத்தை நான் எடுப்பேன். எந்தக் கோணம், எந்த வெளிச்சம் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். ஒரு காலை, ஆஸ்பத்திரிச் சீருடையோடு, நின்றபடியே கோப்பி குடித்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"அப்பா, வீடியோவுக்கு நான் ஆன்ட்டியைக் கேட்டிட்டன்."

எந்த ஆன்ட்டி என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

"அவவுக்குத் தாலி கட்டுறதே எடுக்கத் தெரியாது, பிள்ளை."

"ஐ நோ." அவள் கோப்பையைக் கழுவி வைத்தாள். பிறகு பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலும் சொன்னதை இப்படி எழுதலாம்: என்னுடைய எந்தப் பிறந்தநாள் வீடியோவிலும் நீங்கள் இல்லை, அப்பா. "இஞ்ச பார், இஞ்ச பார்" என்ற உங்கள் குரல் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் எடுத்தால் இதிலும் இருக்க மாட்டீர்கள். "ஜஸ்ட் பீ அப்பா தட் டே."

இதற்குப் பிறகாவது மனது ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அவள் சொன்னதில் பாதிதான் என் காதில் ஏறியது. என்னைத் தள்ளிவிட்டு வேறு ஆளைப் பிடித்துவிட்டாள் என்பது மட்டும் நன்றாக ஏறியது. கல்யாணத்துக்கு முதல் நாள் சம்பந்தி வேறு சிரித்துக்கொண்டே குத்தினார்.

"ஏனுங்க சம்பந்தி, நீங்களே கல்யாண வீடியோக்காரரு. சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியாள வெச்சிருக்கீங்களாமே?"

"ஓம், பெரிய டிரெக்டர்" என்றேன். சிரிப்பதற்குள் தாடை வலித்தது.

கல்யாணத்தன்று பட்டு வேட்டியோடு மணவறையில் நின்றேன். கையில் ஒன்றும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்த்தபோதுகூட ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிறதா என்றுதான் பார்த்தேன். ஆர்மீனியாக்காரி மணவறைத் தூணுக்கு எதிர்ப்பக்கம் நிலத்தில் குந்தியிருந்தார். குருக்கள் தாலியை எல்லோரிடமும் காட்டித் தொட வைத்து, மாப்பிள்ளை கையில் கொடுத்தார். நாதஸ்வரக்காரர் குருக்களின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் உயர்ந்தது. கெட்டிமேளம்.

அந்த நேரத்தில் அவருடைய லென்ஸ் எங்கே பார்க்கிறது என்று பார்த்தேன். மகளை அல்ல. நேரே என்னை.

திரும்பவும் அதே பிழை. என் வீட்டுக் கல்யாணத்தில். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மேளத்துக்குள் கத்த முடியாது. நாடியை அசைத்துக் காட்டினேன், அங்கே, அங்கே. கண்ணை உருட்டினேன். அவர் அசையவில்லை. அட்சதை என் தலையிலும் விழுந்தது. மேளம் தாழ்ந்தபோது மாப்பிள்ளை கையை எடுத்துவிட்டார், மகளின் கழுத்தில் தாலி கிடந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்தக் கிழமையே சிட்னியிலிருந்து வந்திருந்த மச்சானின் போனில்தான் என் மகளுக்குத் தாலி ஏறியதை முதன்முதலாகப் பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்தது. பாதியை யாரோ ஒருவரின் கொண்டை மறைத்தது.

ஆறு கிழமை கழித்து, ஒரு பின்னேரம், அவர் லப்டொப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி தேத்தண்ணியும் முறுக்கும் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டா. "மகளுக்குக் கொடுக்க முன் நீங்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். பதினொரு வினாடி" என்றார். அவருடைய நியமம் எனக்கு ஞாபகம் வந்தது.

ஓட விட்டார். மேளம். பட்டு வேட்டியில் ஒரு மனிதர். அட்சதை விழுகிறது. சுற்றி நிற்கிற எல்லோரும் ஒரு பக்கம் பார்க்கிறார்கள், அந்த ஆள் மட்டும் கமராவை முறைக்கிறார். வாய் கோணியிருக்கிறது, நாடி ஆடுகிறது. என்னை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பார்க்கிற எவருக்கும் விளங்கும், இது பொறாமை பிடித்த முகம் என்று. ஏழாவது வினாடியில் நிறுத்தச் சொன்னேன்.

"இன்னும் இருக்கிறது" என்றார்.

"தேவையில்லை. எடுத்துவிடுங்கள்."

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

அவர் விவாதிக்கவில்லை. என் கண் முன்னாலேயே வெட்டினார். பிறகு பையிலிருந்து இரண்டாவது டிஸ்க்கை எடுத்து அதிலும் அழித்தார். அதற்குப் பிறகு ஒரு முறுக்கைக் கடித்து, நல்லாயிருக்கிறது என்றார். அவர் போன பிறகு எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. அவருடைய இன்னொரு நல்ல காட்சி போய்விட்டது அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் படத்தைப் போட்டோம். நன்றாகத்தான் இருந்தது, சொல்லத்தான் வேண்டும். மனைவி தன் சேலைக் கொய்யக மடிப்பைத் திருத்துவதிலிருந்து நாதஸ்வரக்காரரின் கண் வரைக்கும் எல்லாம் இருந்தது. குருக்களின் விரல் உயர்ந்தது. மேளம். உடனே, அடுத்த காட்சி, மகளின் கழுத்தில் தாலி. வெட்டின இடம் தெரியவே இல்லை. அந்த அளவுக்கு நல்ல வேலைக்காரி அவர்.

மகள் படத்தை நிறுத்தினாள். பின்னால் கொண்டுபோய் இன்னொரு தடவை போட்டாள். அதற்குப் பிறகு இன்னொரு தடவை.

"அப்பா, வெயர் வேர் யூ?"

"பக்கத்திலதான் நிண்டனான், பிள்ளை."

"நான் அவவைக் கேட்டது அது ஒண்டுதான். தாலி கட்டேக்க அப்பாவை எடுங்கோ எண்டு."

மாப்பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி என்னை மட்டும் பார்த்தா. நான் மகள் தந்த முட்டாசு இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கமராவில் ஏதாவது பிழை வந்திருக்கும் என்றேன். வாய் கூசாமல் அப்படித்தான் சொன்னேன். மகள், "ஓ, ஓகே" என்றாள். படம் தொடர்ந்து ஓடியது.

மறுநாள் கிடங்கில் மதியச் சாப்பாட்டு நேரம், வெளியே வந்து நின்று அவரை அழைத்தேன். அந்தத் துண்டு எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லை. அழித்ததை நீங்கள் பார்த்தீர்களே."

"மகள் கேட்டுத்தான் என்னை எடுத்தீர்கள் என்று ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் உங்களால் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியாது."

ஒரு பாரவண்டி பின்பக்கமாக உள்ளே வந்தது, ஒதுங்கி நின்றேன்.

"நான் பார்க்காமல் விட்ட அந்தக் கடைசி நாலு வினாடியில் என்ன இருந்தது?"

சொல்லலாமா என்று யோசித்தார் போல இருக்கிறது.

"நீங்கள் திரும்பி உங்கள் மகளைப் பார்த்தீர்கள்."

"எப்படிப் பார்த்தேன்?"

"நன்றாகப் பார்த்தீர்கள்" என்றார். அதற்கு மேல் அவருடைய ஆங்கிலமும் போகவில்லை, என்னுடையதும் போகவில்லை.

எனக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் லென்ஸ்தான் வருகிறது, அதற்குப் பிறகு தாலி ஏறி முடிந்த கழுத்து வருகிறது. நடுவில் ஒன்றும் இல்லை. மகளுக்கும் தெரியாது, அவள் அப்போது குனிந்திருந்தாள். என் மகளுக்குத் தாலி ஏறியபோது நான் அவளைப் பார்த்த முகத்தைக் கண்ட ஒரே ஆள், எங்கேயோ ஒரு செம்புச் சுரங்க ஊரில் பெட்டியில் ஏறி இறங்கிய அந்த ஆர்மீனியப் பெண்தான். அவர் எடுத்த படங்களைப் பற்றி இப்போது எனக்குப் பொறாமை இல்லை. அந்த நாலு வினாடியைப் பார்த்தார் என்பதில்தான் இருக்கிறது.